புதன்கிழமையிலிருந்து

இல்ல நிரூபா, எனக்குத் தேத்தண்ணி வேண்டாம். இருங்கோ, எழும்பாதேங்கோ. இப்பதான் வீட்டில குடிச்சிட்டு வந்தனான். அந்த ரெண்டு பெட்டியிலயும் சொதியும் பயத்தங்காய்க் கறியும் கிடக்கு, பிள்ளை ரியூஷனால வந்த உடன சூடாக்கிக் குடுங்கோ. மீன் கொண்டரேல்ல. சேகரின்ர முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிஞ்சு ஒரு கிழமையாச்சுத்தான், எண்டாலும் இந்த வீட்டுக்கு மீன் சமைச்சுக் கொண்டர எனக்கு இன்னும் மனம் வரேல்ல.

ஓம், முறைப்பாட்டு ஃபோர்மைப் பாத்தனான். முதல் பக்கத்தை வடிவா நிரப்பியிருக்கிறியள். சேகரின்ர பேர், பிறந்த திகதி, மெடிகெயார் நம்பர், எல்லாம் சரி. உங்கட இங்கிலீசுக்கு என்ன குறை? என்னைக் கூப்பிட்டிருக்கவே தேவையில்ல. ஐயோ, சலிப்பில சொல்லேல்ல, தப்பா நினைக்காதேங்கோ. கூப்பிட்டது நல்லதுதான். இந்தத் தனேஸ்வரி அக்கா அந்த ஆஸ்பத்திரி ஒஃபிஸில வேலை செய்யிறா, அவவுக்கு உள்விசயம் தெரியும் எண்டுதானே கூப்பிட்டனீங்கள். தெரியும்தான்.

அந்தக் கட்டத்தை விடுங்கோ. ஆருக்கு எதிரா முறைப்பாடு எண்டு கேக்கிற கட்டத்தை. அதைக் கடைசியா எழுதுவம். நீங்கள் பென்சிலால டொக்டர் பிரசன்னா எண்டு எழுதி வச்சிருக்கிறியள், கண்டனான். பேனையால பிறகு எழுதலாம், எங்க ஓடப்போகுது. முதல்ல நடந்ததை எழுதுவம். நீங்கள் போனில சொன்னதை நான் திருப்பிச் சொல்லுறன், பிழையெண்டா நிப்பாட்டுங்கோ.

முதலாம் திகதி, திங்கக்கிழமை. சேகர் செவன் ஹில்ஸில வேலையில நிக்கேக்க காலமை பத்து மணிபோல ரத்தமாச் சத்தி எடுத்தவர். அவரோட வேலை செய்யிற ஆக்கள் காரில ஏத்திக்கொண்டு வந்து எமேர்ஜென்சியில விட்டவை. பத்து ஐம்பது. நீங்கள் பதினொண்டே காலுக்கு வந்தனீங்கள். இடுப்பு நாரிநோவுக்கு அவர் மாசக்கணக்கா விழுங்கின குளிசை வயித்தில புண்ணாக்கி, அதுக்குள்ளால ரத்தம் போகுது, வாயால கமரா விட்டு அந்த இடத்தைக் கட்டவேணும் எண்டு ஒரு டொக்டர் பிள்ளை சொன்னவ. என்ன? ஓ, அதையும் எழுதட்டே? சரி. அப்பவும் அவர் உங்கட காரைப் பற்றித்தான் கேட்டவர், ரெண்டு மணித்தியாலப் பார்க்கிங்கில விட்டிருக்கிறியள், ஃபைன் அடிக்கப்போறான், போய் மாத்திப்போட்டு வாங்கோ எண்டு. நீங்கள் போய் மாத்திப்போட்டு வந்தனீங்கள்.

அழுங்கோ, பரவாயில்ல. நான் இஞ்சதான் இருக்கிறன்.

கமரா விடுற ஸ்பெஷலிஸ்ட் அண்டைக்கு இல்ல. சேர்ஜன் வேற ஒப்பரேஷனில நிண்டவர். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறம் எண்டு சொல்லிக் கட்டில் தேடி, அம்புலன்ஸ் வெளிக்கிடேக்க ரெண்டு பத்து. அதுக்கு மேல நான் சொல்லேல்ல. எழுதுறன், வாய்விட்டு வாசிக்கேல்ல.

இப்ப ஆஸ்பத்திரிக் கடிதம். இதைத்தானே நீங்கள் அடிக்கோடு போட்டு வச்சிருக்கிறியள்? பழைய ஸ்பெஷலிஸ்டின்ர ஒப்பந்தம் முடிஞ்சு புதியவர் பொறுப்பெடுக்கிறதுக்கு இடையில ரெண்டு நாள் இடைவெளி வந்திட்டுது, புதிய வைத்தியரின்ர வேண்டுகோளின்படி தொடக்கத் திகதி பிற்போடப்பட்டது, மனம் வருந்துறம். ஓம், உங்கட கோவம் விளங்குது. அந்தப் பிரசன்னாப் பெடியன் ரெண்டு நாள் வீட்டில கால் நீட்டிக்கொண்டு இருக்க, என்ர மனுசன் ரத்தம் கக்கிச் செத்தார் எண்டு, அந்தியேட்டி முடிஞ்ச பிறகு கோயிலில எல்லாருக்கும் முன்னால சொன்னனீங்கள். நானும் அங்க நிண்டனான். பின்னுக்கு, செருப்பு விடுற இடத்தில நிண்டனான்.

இந்த இடைவெளி எண்டுற சாமானை நான் கொஞ்சம் விளக்கவேணும். சனம் நினைக்கிறது, ஆஸ்பத்திரியில நிக்கிற டொக்டர்மார் எல்லாரும் ஆஸ்பத்திரியின்ர ஆக்கள் எண்டு. இல்ல. எங்கட ஆஸ்பத்திரி அரசாங்க ஆஸ்பத்திரிதான், ஆனா சின்னன். இருதயம், வயிறு, சிறுநீரகம், இதுகளுக்கு ஸ்பெஷலிஸ்டுகளை முழுநேரமா வச்சிருக்க ஏலாது. அவை வெளியில தங்கட கிளினிக்கும் நடத்திக்கொண்டு, எங்களிட்டக் கொன்ட்ராக்டில வந்து பாத்திட்டுப் போறவை. இன்ன திகதியில இருந்து இன்ன திகதி வரைக்கும் எண்டு கையெழுத்து வைக்கவேணும். அந்தத் திகதிக்கு ஒரு நாள் முந்தியெண்டாலும், எவ்வளவு பெரிய கெட்டிக்காரனா இருந்தாலும், எங்கட நோயாளியில கை வைக்க ஏலாது. அவற்ற பேரே டியூட்டி லிஸ்டில வராது.

அந்தக் கொன்ட்ராக்டுகளைச் செய்யிறது நான். இருபத்திரண்டு ஸ்பெஷலிஸ்டுகள், எல்லாற்ற திகதியும் என்ர மேசையிலதான். இதைச் சொல்லேக்க எனக்கு ஒரு புளுகம், ஒரு பெருமை வரும், இப்பவும் வருது பாருங்கோ, வெக்கமாக் கிடக்கு. ஆனா நீங்களே சொல்லுங்கோ, இந்தச் சிட்னியில எங்கட ஆக்களின்ர கொண்டாட்டங்களில ஆஸ்பத்திரியில வேலை எண்டு சொன்னா, டொக்டரோ எண்டு கேப்பினம். இல்லையெண்டா, நேர்ஸோ. அதுவும் இல்ல, ஒஃபிஸ் எண்டா, ஆ, அப்பிடியே எண்டு சொல்லிக்கொண்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்புவினம். அவையின்ர டொக்டர்ப் பிள்ளையளை ஆஸ்பத்திரிக்குள்ள விடுற திறப்பு என்ர கையிலதான் எண்டு எத்தினை தரம் வாய்வரைக்கும் வந்திருக்கு.

ஒரு விசர்ப் பழக்கம் சொல்லட்டே? சிரிச்சாலும் பரவாயில்ல. ஊரில இருந்து அண்ணா வருசா வருசம் ஒரு நாள்காட்டி அனுப்புவார், ஒவ்வொரு நாளாக் கிழிக்கிறது. ராகு காலம், அட்டமி, நவமி எல்லாம் போட்டிருக்கும். அதை என்ர மேசை லாச்சிக்குள்ள வச்சிருக்கிறன். புதுசா ஒரு டொக்டர் வாறார் எண்டா, எங்களுக்கு வசதியான நாளிலயே ஒரு நல்ல நாளாப் பாத்துத் தொடக்கத் திகதியைப் போடுவன். தமிழாக்களுக்கு மட்டுமில்ல. எலும்பு டொக்டர் ஒருத்தர் சீனாக்காரர், அவருக்கு நல்ல வளர்பிறை வியாழக்கிழமை எடுத்துக் குடுத்தனான். பாவம், அவருக்கு இண்டைவரைக்கும் தெரியாது. ஏழு வருசமா வந்து போறார், ஒரு முறைப்பாடு இல்ல.

அதுக்கும் உங்கட விசயத்துக்கும் என்ன சம்பந்தமோ? வாறன், அதுக்குத்தான் வாறன்.

இல்ல, தேத்தண்ணி வேண்டாம் நிரூபா. உண்மையா வேண்டாம்.

டொக்டர் பிரசன்னாவை நீங்கள் கண்டிருக்கிறியளே? நல்ல பெடியன். இஞ்ச பிறந்து வளந்தது. தமிழில என்னோட கதைக்க வெளிக்கிட்டா மூண்டாவது சொல்லில இங்கிலீசுக்குப் போயிடும். அந்தப் பிள்ளைக்கு அட்டமி எண்டா என்னெண்டு தெரியாது. மாதத்தில எத்தினை தரம் வரும் எண்டும் தெரியாது. அவற்ற தாய்க்குத்தான் தெரியும். அவருக்கு நான் நாள் பாக்கேல்ல, பழையவர் போற அடுத்த நாளே தொடங்கட்டும் எண்டு திங்கள் போட்டனான்.

ஓம், விக்னேஸ்வரி அக்காதான். பட்டுச் சீலையோட முதல் வரிசையில இருப்பா. பதினாலு வருசமா ஒரே கோயிலுக்குப் போறம், என்னோட எப்பிடிச் சுகம் எண்டதுக்கு மேல கதைச்சதில்ல. அந்தத் திங்களுக்கு முந்தின வெள்ளிக்கிழமை பூசை முடிய நேர வந்து என்ர கையைப் பிடிச்சவ. தங்கச்சி, மகன்ர வேலை திங்கக்கிழமை தொடங்குதாம், அண்டைக்கு அட்டமி, அடுத்த நாள் செவ்வாயும் நவமியும், புதன்கிழமைக்கு மாத்த ஏலாதோ, இது அவன்ர முதல் ஸ்பெஷலிஸ்ட் வேலை எண்டு கேட்டவ. கேட்டுப்போட்டு, ஏலாதெண்டா விடுங்கோ, கரைச்சல்பட வேண்டாம் எண்டும் சொன்னவ. அதையும் சொல்லத்தான் வேணும். அவ விட்டுட்டா. நான்தான் விடேல்ல. நாலு பேர் பாத்துக்கொண்டு நிக்கினம். ஏன் அக்கா ஏலாது, அது என்ர கையிலதானே எண்டு சொன்னனான்.

என்ர கையிலதான். சனிக்கிழமை வீட்டில இருந்து கொம்பியூட்டரைத் திறந்து, திங்களை எடுத்துப்போட்டுப் புதன் எண்டு போட்டனான். ஒரு நிமிசம் பிடிக்கேல்ல.

இல்ல நிரூபா. அவர் கேக்கேல்ல. கடிதத்தில கிடக்கிறது பொய். ஞாயிறு அவர் எனக்கு ஈமெயில் போட்டவர், திங்கள் எண்டுதானே சொன்னனீங்கள், நான் வாறதுக்கு ஆயத்தமா நிக்கிறன், ஏன் மாத்தினது எண்டு. அலுவலகக் காரணம் எண்டு ஒரு வரியில பதில் போட்டனான். அந்த ரெண்டு ஈமெயிலையும் பிரிண்ட் எடுத்து, இந்தா, என்ர கைப்பைக்குள்ள கொண்டந்திருக்கிறன்.

பொறுங்கோ, கேளுங்கோ. கேட்டு முடியச் சொல்லுங்கோ, என்ன வேணுமெண்டாலும் சொல்லுங்கோ.

வயித்து ஸ்பெஷலிஸ்ட் எங்களிட்ட ரெண்டு பேர். பழையவர் ஞாயிற்றுக்கிழமையோட கொன்ட்ராக்ட் முடிச்சு, குயின்ஸ்லாந்துக்கு மகளோட இருக்கப் போயிட்டார். மற்றவர் இருக்கிறார்தானே, ரெண்டு நாள் சமாளிப்பார் எண்டு நான் நினைச்சனான். மற்றவர் அந்தக் கிழமை முழுக்க லீவில சிங்கப்பூர் போயிருந்தவர். லீவுத் தாள் வேற ஒரு இடத்தில கிடக்கும், திகதி மாத்தினா அதைத் திறந்து பாக்கவேணும், ஆள் இல்லையெண்டா தற்காலிகமா ஒராளைப் பிடிக்கவேணும். இது சட்டம். இந்தச் சட்டத்தைப் புதுசா வாறவைக்குப் படிப்பிக்கிறதே நான்தான். அண்டைக்கு நான் நாள்காட்டியைப் பாத்தனான், லீவுத் தாளைப் பாக்கேல்ல.

பிறகு விசாரணைக் கூட்டம் வச்சவை. மனேஜர் என்னைப் பாத்து, ஏன் புதன் எண்டு சும்மாதான் கேட்டவர். நல்ல மனுசன், என்னில ஒரு சந்தேகமும் இல்ல. டொக்டர் கேட்டவர் எண்டு என்ர வாயில வந்திட்டுது. அவர் அப்பிடியே எழுதிக்கொண்டார், அது அப்பிடியே உங்கட கடிதத்துக்கு வந்திட்டுது. கடைசியில ஒருத்தரிலயும் குற்றமில்ல, இனித் திகதி மாத்தினா ரெண்டு பேர் கையெழுத்து வைக்கவேணும் எண்டு ஒரு புதுத் தாள் அடிச்சவை. அந்தத் தாளை வடிவமைச்சதும் நான்தான், பாராட்டினவை.

இப்ப உந்தப் பென்சில் பேரைப் பேனையால எழுதினா என்ன நடக்கும் எண்டு தெரியுமே? முதல் வேலையிலயே அந்தப் பெடியனுக்கு விசாரணை. தான் கேக்காத ஒண்டுக்கு. அவர் என்ர ஈமெயிலைக் காட்டித் தப்பினாலும் தப்புவார், ஆனா இந்த ஊரில வாய் மூடுமே? அண்டைக்கு நீங்கள் கோயிலில சொன்னதுக்குப் பிறகு விக்னேஸ்வரி அக்கா கோயில் பக்கமே வரேல்ல. என்ர மகன் கேக்கேல்ல எண்டு சொல்லவேணும் எண்டா, நான்தான் கேட்டனான் எண்டு அவ சொல்லவேணும். அவவும் வாயைத் திறக்கேல்ல. நானும் திறக்கேல்ல. நாங்கள் ரெண்டு பொம்பிளையள் ஆளையாள் பாக்காமத் திரியிறம்.

இன்னொண்டு கேளுங்கோ, இதை நினைச்சா எனக்கு விசர் பிடிக்கும். அந்தியேட்டிக்கு நாள் எழுதேக்க ஐயர் கோயில் கலண்டரைத் திறந்து வச்சிருந்தவர், சிட்னி நேரத்துக்குக் கணிச்சது. எனக்கு அந்தத் திங்கக்கிழமையைப் பாக்கவேணும் போல கிடந்தது. பாத்தனான். என்ர நாள்காட்டி யாழ்ப்பாணத்து நேரம். அதில திங்கள் விடிய அஞ்சு பத்துக்கு அட்டமி தொடங்குது எண்டு போட்டிருந்தது, நான் முழு நாளையும் வெட்டிப்போட்டன். அவையின்ர அஞ்சு பத்து எங்களுக்கு ஒம்பது நாப்பது. அவர் ஏழு மணிக்கு வேலை தொடங்கவேண்டியவர். ஏழு மணிக்கு இஞ்ச அட்டமி இல்ல, நிரூபா. நல்ல நேரம். இருபத்தஞ்சு வருசமா இந்த நாட்டில இருக்கிறன், ஊருக்குப் போன் எடுக்கேக்க ஒவ்வொரு தரமும் நாலரை மணித்தியாலத்தைக் கழிச்சுப் பாத்துத்தான் எடுக்கிறன். இதுக்கு மட்டும் அந்த யோசினை வரேல்ல.

ஏதாவது சொல்லுங்கோ. ஏசுங்கோ.

என்ன? ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லையோ? ஓம், அதைத்தான் நானும் என்னட்டக் கேட்டுக்கொண்டிருக்கிறன். தெரியாமச் செய்த பிழை எண்டு நீங்கள் சொல்லுவியள் எண்டு எனக்குத் தெரியும். உங்களுக்கு இளகின மனம். அப்பிடிச் சொல்லிப்போட்டு, அக்கா அழாதேங்கோ எண்டு தேத்தண்ணி போடப் போவியள். அதுக்காகத்தான் நான் இந்த வீட்டில முப்பத்தெட்டு நாளாப் பச்சைத் தண்ணி வாயில வைக்கேல்ல. இன்னும் ஒண்டு கிடக்கு. அதைக் கேட்டுப்போட்டுப் பிறகு முடிவெடுங்கோ.

அண்டைக்குப் பதினொண்டு நாப்பதுக்கு என்ர மேசைப் போன் அடிச்சது. எமேர்ஜென்சியில இருந்து ஒரு டொக்டர் பிள்ளை. உங்களோட கதைச்ச அதே பிள்ளையாத்தான் இருக்கவேணும், குரல் பதறிக்கொண்டிருந்தது. டொக்டர் பிரசன்னாவோட முந்தி வேற ஆஸ்பத்திரியில வேலை செய்தவவாம், அவற்ற சொந்த நம்பர் வச்சிருக்கிறா, எடுத்துக் கதைச்சிருக்கிறா. அவர் நார்த்மீடில வீட்டில நிக்கிறார், பத்து நிமிசத்தில வாறன் எண்டிறார், ஆனா டியூட்டி லிஸ்டில பேரைக் காணேல்ல, அவற்ற கொன்ட்ராக்ட் இண்டையில இருந்துதானே எண்டு என்னட்டக் கேட்டவ.

என்ர மேசையில, டொக்டர்மாரை எடுக்கிற கமிட்டி கையெழுத்து வச்ச அனுமதிக் கடிதம் கிடந்தது. அதில திங்கள் எண்டுதான் கிடந்தது. பெரியாக்கள் திங்களுக்குத்தான் அனுமதிச்சவை, நான்தான் கொம்பியூட்டரில புதனாக்கினது. ஓம் எண்டு சொல்லியிருந்தா அது பொய்கூட இல்ல, நிரூபா. ஒரு நிமிசத்தில திருப்பித் திங்களாக்கியிருக்கலாம். ஆனா ஆராவது இதென்ன ரெண்டு திகதி, ஆர் மாத்தினது எண்டு கேப்பினம் எண்டுதான் என்ர மண்டையில ஓடினது. மாட்டிக்கொள்ளுவன் எண்ட பயம் மட்டும்தான். நோயாளி ஆர் எண்டு நான் கேக்கேல்ல. எப்பிடி இருக்கிறார் எண்டும் கேக்கேல்ல.

இல்ல, புதன்கிழமையிலிருந்து எண்டு சொன்னனான். அந்தப் பிள்ளை தாங்க்யூ சொல்லிப்போட்டு வச்சவ. நான் எழும்பிப் போய் என்ர சாப்பாட்டை மைக்ரோவேவில வச்சனான்.

பின்னேரம்தான் கோயில் வட்ஸ்அப்பில, மரண அறிவித்தலில சேகரின்ர பேரைப் பாத்தனான்.

ஏன் எழும்புறியள்? போகச் சொன்னாப் போறன். பெட்டியளைத் திருப்பித் தரவேண்டாம், கறியைக் கொட்டினாலும் பரவாயில்ல. இதை மட்டும் முடிச்சிட்டுப் போறன். அந்த ரப்பரை எடுத்துப் பென்சில் பேரை அழியுங்கோ. இதை நீங்கள்தான் எழுதவேணும். பேனையை நீங்கள் பிடியுங்கோ. என்ர பேர் கொஞ்சம் நீளம், கட்டம் சின்னன், நெருக்கி எழுதவேணும். ஒவ்வொரு எழுத்தாச் சொல்லுறன்.